வயது பத்து என்று தைத்த வரி

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் லீவு லெட்டரும் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கக் கொடுத்த மனுவும்தான். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். பேசியிருக்க வேண்டிய ஓர் இடத்தில் பேசாமல் இருந்துவிட்டேன். அதை இப்போது உட்கார்ந்து எழுதுவதால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனாலும் எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் தெற்கே, தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்தோம். மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறோம். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நான் பெருமாநல்லூர் ரோட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினெட்டு வருடமாகச் செக்கிங் வேலை பார்க்கிறேன். தைத்து முடித்த உடுப்புகள் எங்கள் டேபிளுக்கு வரும். ட்யூப் லைட்டுக்குக் கீழே பிடித்து, உள்ளும் வெளியும் திருப்பிப் பார்த்து, விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நின்றுகொண்டே பார்க்கிற வேலை. வீட்டில் சோறு போட்ட தட்டைக்கூட ஒரு தடவை திருப்பிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

போன வருடம் மழை தொடங்கும் முன்னால் ஒரு நாள், எங்கள் மெர்சண்டைசர் தம்பி செக்கிங் டேபிளுக்கு வந்தான். உடுப்புக்கு ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் கேட்கிறதை நம் ஆட்களிடம் சொல்லி, நம் ஆட்கள் செய்கிறதை அவர்களுக்கு மெயில் போட்டுச் சொல்வது அவன் வேலை. இந்தப் பக்கத்துப் பையன். மரியாதை தெரிந்தவன்.

“ஏனுங்க்கா, இங்க யாருக்காச்சும் கையில கிராஸ் ஸ்டிச் போடத் தெரியுமுங்களா? மிஷின் இல்லீங்க, கையில.”

எனக்குப் பக்கத்தில் நிற்கிற பெருமாநல்லூர்க்காரம்மா சட்டென்று என்னைக் கைகாட்டிவிட்டாள்.

“இந்தம்மாவுக்குத் தெரியுமுங்க. எம்பொண்ணு கல்யாணத்துக்குத் தலகாணி உறை போட்டுக் குடுத்தாங்க. பேச்சுத்தான் வராது. கையில என்ன வேணும்னாலும் வரும்.”

“நெசமாவுங்களா அக்கா?”

நான் தலையை ஆட்டினேன்.

“பாத்தீங்களா தம்பி, அதுக்குக்கூட வாயத் தொறக்க மாட்டாங்க. சம்பள உசர்வு கேக்கவும் இப்புடித்தான் போயி நிப்பாங்க” என்று அவள் சிரித்தாள். டேபிளில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மேலே ஏசி அறையில் பையர் கம்பெனியின் டிசைனர் அம்மா உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரர். ஐம்பது வயது இருக்கும். மேசைமேல் ஒரு தட்டையான அட்டைப்பெட்டி. வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, மெல்லிய தாளை ஒவ்வொன்றாக விலக்கி, உள்ளே இருந்ததைக் காட்டினார்.

ஒரு துணி. டீத்தண்ணீரில் நனைத்து எடுத்த மாதிரி நிறம். அதில் ஏ பி சி டி, அதன் கீழே எண்கள், ஒரு வீடு, இரண்டு மரம், மரத்தைவிடப் பெரிய ஒரு குருவி, நாலு வரிப் பாட்டு. எல்லாம் சின்னச் சின்னக் குறுக்குத் தையல். கடைசி வரியில் ஒரு பெயர். பெயருக்குப் பக்கத்தில் வயது ஒன்பது.

“நூத்தம்பது வருசத்துக்கும் மேல இருக்குமாமுங்க்கா. ஒம்பது வயசுப் புள்ள பண்ணுனதாம். சேம்பிளர்னு பேரு” என்றான் மெர்சண்டைசர்.

பெயர் எனக்குப் புதிது. பொருள் புதிதில்லை. நான் ஐந்தாம் வகுப்பிலிருந்து மிஷன் பள்ளி ஹாஸ்டலில் வளர்ந்தவள். சனிக்கிழமை தோறும் தையல் வகுப்பு. அங்கே இதை மாதிரித் துணி என்பார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒன்று முடிக்க வேண்டும். எழுத்து, எண், சிலுவை வைத்த ஒரு கோயில், சுற்றிலும் பூ பார்டர். கடைசி வரியில் பெயர், வயது, ஊர். “பேரும் வயசும் இல்லன்னா அது அடுப்படிக் கரித்துணிட்டி” என்று தையல் டீச்சர் தலையில் குட்டுவார். நான் பதினொரு வயதில் முடித்தேன். ‘ழ’ எழுத்தின் சுழி கட்டத்துக்குள் அடங்காமல் நாலு தடவை பிரித்துப் போட்டேன். எங்கள் வகுப்பின் முப்பது துணிகளையும் ஒரு நாள் தகரப்பெட்டியில் அடுக்கி, எங்களுக்குச் சாப்பாட்டுக்குப் பணம் அனுப்புகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அந்தப் பழைய துணியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கண் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. வீட்டின் இடது சுவரில் ஒரு கட்டம் குறைவு. பாட்டின் மூன்றாவது வரியில் இடம் போதாமல் ஒரு சொல்லின் வால் மேலே ஏறியிருந்தது. எண்களில் நாலு என்பது தலைகீழாக நின்றது. பதினொரு தப்பு எண்ணினேன். வேலையில் தலைப்பில் குத்தியிருக்கும் ஸ்டிக்கர் சுருளுக்காக விரல் தானாகச் சேலையைத் தடவியது. அங்கே இல்லை. வெட்கமாகப் போயிற்று.

டிசைனர் அம்மா துணியை மெல்லத் திருப்பினார். பின்பக்கம் பச்சையும் சிவப்பும் நேற்று கடையில் வாங்கிய நூல் போல் இருந்தன. வெளிச்சம் படாத பக்கம் என்பதால் வெளுக்கவில்லையாம். அவர் என்னவோ நீளமாகச் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

“அனாதை இல்லத்துப் புள்ளையா இருக்கும்னு சொல்றாங்கக்கா. அந்தக் காலத்துல பெரிய ஊட்டுத் துணிமணியில எல்லாம் அடையாள எழுத்து தெக்கோணுமாம். இத நல்லாப் பண்ணுன புள்ளைகளத்தான் ஊட்டு வேலைக்கு எடுப்பாங்களாம். நம்மூர்ல டெய்லர வேலைக்கு எடுக்கறப்ப டெஸ்ட் பீஸ் தெக்கக் குடுக்கறமல்ல, அந்த மாதிரி.”

ஒன்பது வயதில் டெஸ்ட் பீஸ்.

விஷயம் இதுதான். குழந்தைகளுக்கான இரவு உடுப்பு ஒன்று போடப் போகிறார்கள். அதன் நெஞ்சில் இந்த மாதிரித் தையல் வேண்டும். இதையே எடுக்க முடியாது. யாரோ சேகரித்து வைத்திருப்பது, காட்டிவிட்டுக் கொண்டுபோக மட்டும் அனுமதி. இதே மாதிரி புதிதாக ஒன்று, குடிசை, தென்னை, மயில் வைத்து வேண்டும். அதை ஸ்கேன் செய்து எம்பிராய்டரி மிஷினில் ஏற்றுவார்கள். கம்ப்யூட்டரில் வரைந்து முதலிலேயே மிஷினில் போட்டுப் பார்த்தாயிற்று. உயிர் இல்லை என்று தள்ளிவிட்டார்களாம்.

கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியும் நூலும் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் நான் ஒன்று முடித்துக் கொடுத்தேன். மெர்சண்டைசர் படம் எடுத்து, அதற்குள் ஊர் திரும்பிவிட்ட டிசைனர் அம்மாவுக்கு அனுப்பினான். மறுநாள் பதில் வந்தது. ரொம்பச் சுத்தமாக இருக்கிறதாம். பெரியவர் கை தெரிகிறதாம்.

“கொஞ்சம் தப்புத் தப்பாப் போடுங்க்கா” என்றான் அவன்.

போட்டுப் பார்த்தேன். வேண்டுமென்றே ஒரு கட்டம் விட்டேன். மரத்தைச் சாய்த்தேன். பதினெட்டு வருடம் தப்பைத் தேடித் தேடிப் பார்த்த கைக்குத் தப்புச் செய்ய வரவில்லை. பார்த்தால் பொய் சொல்கிற முகம் மாதிரி இருந்தது. அதுவும் திரும்பி வந்தது.

அப்போதுதான் அவன் கேண்டீன் ஓரமாக வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“அக்கா, ஊட்ல பாப்பா இருக்குதல்லங்க? அஞ்சாவது படிக்குதுன்னீங்க?”

“ஆமா.”

“வெளையாட்டா ஒண்ணு போடச் சொல்லுங்களே. வேலைன்னு இல்லீங்க. ஸ்கூல்ல டிராயிங் பண்ற மாதிரி. முடிச்சதீம் நானே பத்தரமாத் திருப்பிக் குடுத்தர்றனுங்க.”

எங்கள் கம்பெனி கேட்டில் ஒரு போர்டு உண்டு. குழந்தைத் தொழிலாளர் இங்கு இல்லை என்று தமிழிலும் இங்கிலீஷிலும் இந்தியிலும் எழுதியிருக்கும். தினமும் இரண்டு தடவை அதைத் தாண்டுகிறேன். அன்று வீடு திரும்பும்போது வேன் ஜன்னல் வழியாக அதைப் படித்தேன். படித்துக்கொண்டே மனதில் எந்தக் கலர் நூல் பிள்ளைக்குப் பிடிக்கும் என்று யோசித்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. சம்மதிக்க வைத்தது என் பெருமைதான். என் பிள்ளை கைக்கு வெளிநாட்டிலிருந்து கேட்டு வருகிறார்கள் என்கிற பெருமை.

என் மகள் எங்களுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள். திருப்பூரிலேயே பிறந்ததால் பேச்செல்லாம் இந்த ஊர்ப் பேச்சு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து எனக்கே ‘ங்க’ போடுவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து சாயங்காலம் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து கொஞ்ச நேரம் என்று மூன்று வாரம் தைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். கை பரபரக்கும். திருத்தக் கூடாது என்று கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வேன்.

“ஏம்மா, இந்த மயிலு கோழியாட்டம் இருக்குதுங்க.”

“இருக்கட்டும். அவங்க மயிலையும் பாத்திருக்க மாட்டாங்க, நம்ம ஊர்க் கோழியையும் பாத்திருக்க மாட்டாங்க.”

“குடிசைல யாரும்மா இப்ப குடியிருக்கறாங்க? நம்ம லைன் ஊடு போடட்டுமா? பத்து கதவு, ஒரு பாத்ரூம்.”

“பாத்ரூமுக்கு முன்னால க்யூவையும் போடு.”

விழுந்து விழுந்து சிரித்தாள். குடிசைதான் போட்டாள். ஆனால் அதன் வாசலில் கேட்காமலே எங்கள் கம்பெனி வேனை நிறுத்திவிட்டாள். மஞ்சள் நூலில், சக்கரம் சதுரமாக. ஜன்னலில் ஒரு கறுப்புப் புள்ளி. அது நான் என்றாள்.

நடுவில் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து துள்ளிக்கொண்டு வந்தாள். அடுத்த மாதம் கைவேலைக் கண்காட்சியாம். டீச்சர் யார் யார் என்ன கொண்டு வருவீர்கள் என்று கேட்டதற்கு இவள் எழுந்து இந்தத் துணியைச் சொல்லிவிட்டாளாம். டீச்சர் போர்டில் இவள் பெயரை எழுதி ‘கைத்தையல்’ என்று எழுதினாராம். வகுப்பில் அவள் பெயரை எதற்காகவும் போர்டில் எழுதியது அதுவே முதல் தடவை. அவளும் என்னைப் போலத்தான். வீட்டில்தான் வாய்.

“அதுக்குள்ள குடுத்துருவாங்கல்லம்மா?”

“குடுத்துருவாங்க. அந்த மாமா சொல்லியிருக்காங்க.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

துணி முடிகிற நாள் வந்தது. மயிலுக்குக் கீழே இடம் மிச்சம் இருந்தது. அவள் ஊசியைக் குத்திவைத்துவிட்டு, முடிந்தது என்று எழுந்தாள். நான் விடவில்லை.

“பேரும் வயசும் போடணும்.”

“கை வலிக்குதும்மா. போதும்.”

“அது இல்லாம முடிக்கக் கூடாதுட்டி. யாரு போட்டதுன்னு தெரிய வேண்டாமா? அந்தப் பழைய பிள்ளை போட்டிருக்கா. எங்க காலத்துல நாங்க எல்லாரும் போட்டோம்.”

“போட்டு என்ன பண்ணுனீங்க?”

கட்டம் போட்ட நோட்டில் எழுத்துகளை எண்ணி எழுதிக் கொடுத்தேன். முனகிக்கொண்டே இரண்டு நாள் தைத்தாள். அவள் பெயர், தமிழில். பிறகு ‘வயது பத்து’. கடைசியில் ‘திருப்பூர்’. ‘ர்’ மேல் புள்ளி வைக்க இடமில்லாமல் பூ பார்டருக்குள் போய் விழுந்தது. அது அழகாகத்தான் இருந்தது.

அவள் கேட்டதல்ல அந்த வரி. அவளுக்கு அதில் ஆசையே இல்லை. நான் போட வைத்தது.

படம் போன அன்றே பதில் வந்துவிட்டது. டிசைனர் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். வேனைப் பார்த்துச் சிரித்தாராம். கடைசி வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருந்தார்.

“என்ன சொன்னீங்க தம்பி?” என்றேன்.

“நம்மூரு வாழ்த்துன்னு போட்டுட்டனுங்க்கா. நல்லா இருக்கட்டும்னு அர்த்தம்னு.” கண்ணடித்தான்.

“கண்காட்சி இருக்கு. பிள்ளை கேக்குது.”

“ஸ்கேன் பண்ணிட்டு ரெண்டு நாள்ல குடுத்தர்றனுங்க. பையர் நேரா வந்து ஒருக்கா பாக்கோணும்னா மட்டும் கொஞ்சம் முன்ன பின்ன ஆகும்.”

இரண்டு நாள் ஒரு வாரம் ஆயிற்று. துணியைச் சேம்பிள் ரூம் சுவரில் குண்டூசி குத்தி மாட்டியிருந்தார்கள். நான் தினமும் பாத்ரூம் போகும் வழியில் எட்டிப் பார்ப்பேன். வீட்டில் மகள் அதற்கென்று ஒரு அட்டையும் பிளாஸ்டிக் கவரும் எடுத்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை கண்காட்சி. “இன்னிக்காச்சும் குடுத்தாங்களா?” என்று தினம் கேட்டாள்.

புதன்கிழமை மதியம் எச்.ஆர். சார் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. போனால் அவருடைய மேசைமேல் அந்தத் துணி. மெர்சண்டைசர் சுவரோரமாக நின்றான். முகம் வெளுத்திருந்தது.

“உட்காருங்கம்மா” என்றார் எச்.ஆர். “தண்ணி குடிக்கறீங்களா? இது யாரு பண்ணுனதுங்க?”

மெர்சண்டைசர் தரையைப் பார்த்தான்.

“எம் பொண்ணு.”

“நாளைக்கு பையர் ஆளு அனுப்பிக் கம்பெனியச் சோதிக்கற ஆடிட்டுங்கம்மா. தெரியுமல்ல? அவங்க ஊசி டப்பாவக்கூடத் தொறந்து பாப்பாங்க. இதுல என்ன எழுதியிருக்குது? சத்தமாப் படிங்க பாக்கலாம்.”

நான் படிக்கவில்லை.

“வயது பத்து. சேம்பிள் ரூம் செவுத்துல, வயது பத்துன்னு நம்மளே எழுதி மாட்டி வெச்சிருக்கறமுங்க. இத விட என்னங்க வேணும் அவங்களுக்கு? ஆர்டர் போயிரும். எண்ணூறு பேரு வேலை செய்யறாங்க இங்க. நீங்க ஒருத்தங்க இல்ல.”

இந்த ஊரில் யாரும் கத்த மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் ‘ங்க’ உண்டு. அவர் பேசப் பேச, யாரோ எனக்கு உபகாரம் செய்கிற மாதிரியே இருந்தது.

“நா என்ன செய்யணும் சார்?”

“அந்த வரியப் பிரிச்சுப் போடுங்க. பிரிச்சுட்டு உங்க பேரப் போடுங்க. உங்க வயசையும் போட்டிருங்க, யாருக்கும் சந்தேகம் வராது. நாளைக்கு ஆடிட்டர் மேடம் கேட்டா நீங்கதான் பண்ணுனேன்னு சொல்லிருங்க. அவ்வளவுதான். யாரையும் வேலைய விட்டு எடுக்கப் போறதில்லீங்க.”

“பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை ஸ்கூல்ல...” என்று ஆரம்பித்தேன்.

“அத அப்பறம் பாக்கலாமுங்க.”

நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். அந்த மேசையின் முன்னால் இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். இது என் மகளுடையது, பிரிக்க மாட்டேன், வீட்டுக்குக் கொண்டுபோகிறேன், சுவரில் இல்லாவிட்டால் ஆடிட்டில் ஒன்றும் வராதே என்று சொல்லியிருக்கலாம். அது அப்போதே தோன்றியது. அவர்களுக்குத் தோன்றாததும் எனக்குத் தோன்றியது. நாக்கில் வந்து நின்றது. சொல்லவில்லை.

சேம்பிள் ரூமில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். நூல் வெட்டும் சின்னக் கத்தரியால் ஒவ்வொரு தையலாக வெட்டி, ஊசி முனையால் இழுத்து எடுத்தேன். பிள்ளைகள் தையல் இறுக்கமாக இருக்கும், நம்பிக்கையில்லாமல் இரண்டு தடவை இழுப்பார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. மடியில் சிவப்பு நூல் துண்டுகள். பெயர் போன இடத்தில் ஓட்டைகள் அப்படியே நின்றன. நகத்தால் சுரண்டி, நீராவி இஸ்திரி வைத்து அடைத்தேன். எங்கள் வேலையில் அதெல்லாம் தெரியும். பக்கத்தில் வந்து பார்த்தால்கூடத் தெரியாது.

பிறகு என் பெயரைப் போட்டேன். ‘வயது 47’ போட்டேன். ‘திருப்பூர்’ மட்டும் அவள் கை. கோழி மாதிரி மயில், சாய்ந்த தென்னை, சதுரச் சக்கரம், எல்லாவற்றுக்கும் கீழே நூல் பிடித்தாற்போல் நேராக நாற்பத்தேழு வயது.

பெருமாநல்லூர்க்காரம்மா தண்ணீர் குடிக்க வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

“இதென்னம்மா, நாப்பத்தேழு வயசுல ஒண்ணாங் கிளாஸு சேந்திருக்கறீங்க?”

நான் சிரிக்கவில்லை. அவள் என் மடியிலிருந்த நூலைப் பார்த்தாள். வேறு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை ஆடிட்டர் மேடம் வந்தார். சென்னைப் பக்கம் போலிருக்கிறது, நல்ல தமிழ். ஃபயர் கதவைத் தள்ளிப் பார்த்தார். முதலுதவிப் பெட்டியில் மாத்திரை தேதி பார்த்தார். சேம்பிள் ரூமுக்கு வந்ததும் அந்தத் துணி முன்னால் நின்றுவிட்டார்.

“ஹவ் ஸ்வீட்! யார் செஞ்சது?”

எச்.ஆர். சார் என்னைக் கூப்பிட்டார். மெர்சண்டைசர் அந்த உடுப்பில் தொங்கவிடப் போகிற அட்டையின் படத்தையும் காட்டினான். அதில் அந்தப் பழைய பெண்ணின் பெயரும், ஒன்பது வயதில் அவள் தைத்தது என்பதும், இங்கிலீஷில் சாய்ந்த எழுத்தில் அச்சடித்திருந்தது. மேடம் அதைப் படித்து, “பாவம், எவ்வளவு அழகு” என்றார். செத்து நூறு வருடம் போனால் பிள்ளையின் வயதை அட்டையில் போட்டுத் தொங்கவிடலாம். உயிரோடு மண்ணரையில் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தால் நகத்தால் சுரண்டி அடைக்க வேண்டும்.

“நீங்களா செஞ்சீங்கம்மா? நாற்பத்தேழுன்னு போட்டிருக்கே. குழந்தை செஞ்ச மாதிரியே இருக்கு. எப்படி வந்தது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் நல்ல மாதிரி கேட்டார். அதட்டவில்லை. கதவு திறந்துதான் இருந்தது.

“ஆமா மேடம். நாந்தான்” என்றேன். “பழக்கந்தான்.”

அவர் கையில் இருந்த தாளில் ஒரு டிக் போட்டார். போனில் படம் எடுக்கலாமா என்று கேட்டு, துணியை என் நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு மெர்சண்டைசரைத் தேடிப் போனேன். அன்றைக்கு நானாகப் போய்ப் பேசியது அது ஒன்றுதான்.

“தம்பி, துணி.”

அவன் கையைப் பிசைந்தான். “அக்கா, தப்பா நெனைக்காதீங்க. காத்தால அவங்க மெயில் போட்டுட்டாங்க. ஒரிஜினலே வேணுமாம். பிரேம் போட்டு அவங்க கடையில மாட்டப் போறாங்களாமுங்க. இப்பத்தான் கூரியர்ல போச்சு. பாப்பாவுக்கு நா நல்ல கலர் பென்சில் செட்டு ஒண்ணு...”

“வேண்டாம்” என்றேன்.

ஆறரைக்கு வீட்டுக்கு வந்தேன். மகள் அட்டையில் கறுப்புத் தாள் ஒட்டிக் காயவைத்திருந்தாள். நாலு மூலையிலும் ஸ்கெட்ச் பேனாவில் பூ. என் பையை வாங்கி உள்ளே பார்த்தாள். டிபன் பாக்ஸ் மட்டும் இருந்தது.

“எங்கம்மா?”

“வெளிநாட்டுக்கு அனுப்பிட்டாங்க. கண்ணாடி போட்டு மாட்டப் போறாங்களாம்.”

அதைச் சொன்னால் சமாதானமாவாள் என்று நினைத்தேன். கொஞ்சம் ஆகவும் செய்தாள். முகத்தில் ஏதோ கணக்குப் போட்டாள்.

“என் பேரோடயா?”

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு ஏற்கெனவே ஒன்று சொல்லியாயிற்று, இன்னொன்று வரவில்லை.

“பேரைப் பிரிச்சாச்சு.”

“யாரு பிரிச்சாங்க?”

“நாந்தான்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் செய்ய ஒரு வேலை இருந்திருக்கும். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீங்கதான போட்டே ஆகோணும்னு சொன்னீங்க” என்றாள்.

பிறகு அட்டையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள். நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி நடந்தது. மகள் வயிற்றுவலி என்று சொல்லிப் போகவில்லை. நான் ஏழே முக்கால் வேனில் வேலைக்குப் போனேன். அன்று டேபிளுக்குக் குழந்தைகள் பனியன் வந்தது. சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டோம்.